எங்கள் ஆலயத்தை இடித்த மனிதர்

லேப்டாப் திரையின் பெரிய கட்டத்தில் இங்கிலாந்தில் உள்ள ஓர் அறை தெரிந்தது. மேலே நீதிபதி. கீழே ஒரு பக்கம் அரசு வக்கீல், இளம்பெண். மறுபக்கம் எங்கள் வக்கீல். அவர் பக்கத்தில் யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டுக்குள் என் மகன் பிபின். கோட்டின் தோள் இறங்கிக் கிடந்தது.

திரையின் மூலையில் சின்னக் கட்டத்தில் நான்.

நான் உட்கார்ந்திருந்தது நெய்யாற்றின்கரையில், கோர்ட்டுக்கு எதிரே ஒரு நோட்டரி வக்கீலின் மாடி அறையில். அங்கே காலை, இங்கே மதியம் கழிந்த நேரம். சத்தம் கேட்கும் என்று ஃபேனை அணைத்துவிட்டார்கள். ஜன்னலையும் சாத்திவிட்டார்கள். முதுகில் வியர்வை ஒழுகிக்கொண்டே இருந்தது.

அரசு வக்கீல் ஏதோ சொன்னார். திரையில் ஒரு படம் வந்தது.

படத்தில் ஒருவர் சுவர்மேல் நின்று கம்பிப்பாரையை ஓங்கியிருக்கிறார். மேலே சட்டை இல்லை. காவி முண்டைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டியிருக்கிறார். அவர் காலுக்குக் கீழே ஆலயத்தின் முகப்பு. அதில் சுண்ணாம்பில் செய்த சிலுவை.

"அம்மா, இவரை உங்களுக்குத் தெரியுமோ?" என்று அந்த அறையில் இருந்த மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

"தெரியும். சுகுமாரன்."

தெரியாமல் என்ன? அவர் வீட்டில் மிளகாய் வறுத்தால் எனக்கு இருமல் வரும். அவ்வளவு பக்கம்.

சென்ற வாரம் வரை இந்தத் தொடரில் பஸ்ஸில் நடந்த கூத்துகளை எழுதிக்கொண்டிருந்தேன். கண்டக்டர் வேலையைப் பற்றி மட்டும் எழுதினால் போதும் என்றுதான் பத்திரிகையில் கேட்டிருந்தார்கள். இது நான் ரிட்டயர் ஆன பிறகு நடந்தது. இதில் சிரிக்க அதிகம் இல்லை. ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நாங்களே இடித்தோம்

கேரள எல்லையில், பாறசாலையிலிருந்து உள்ளே வந்தால் எங்கள் ஊர். ஆலயம் மிஷனரிகள் காலத்தில் கட்டியது. வெட்டுகல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, மேலே ஓடு. மழைக்காலத்தில் ஒழுகும். பிரசங்கம் நடக்கும்போதே பெண்கள் பக்கம் பாத்திரம் வைப்போம். கடைசியில் புதிதாகக் கட்டுவது என்று சபையார் முடிவெடுத்தார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பழைய ஆலயத்தைக் காண்ட்ராக்ட் விட்டு இடிக்க மாட்டோம். முன்னோர் கையால் கட்டியதை எந்திரம் வைத்து நொறுக்கக் கூடாது, கையாலேயே இறக்க வேண்டும் என்பார்கள். ஜெபம் செய்துவிட்டுப் போதகர் கூரையிலிருந்து முதல் ஓட்டை எடுப்பார். அப்புறம் ஆணும் பெண்ணும் இறங்குவோம். ஓடு ஒரு பக்கம், மரம் ஒரு பக்கம், கல் ஒரு பக்கம். சிலர் அழுவார்கள். அழுதுகொண்டே கல் சுமப்பார்கள்.

அன்றைக்குச் சுகுமாரன் அண்ணன் கம்பிப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அவர் கொத்தனார். அம்மன் கோயில் கமிட்டியில் உள்ளவர். அவரை யாரும் கூப்பிடவில்லை. அன்று அவருக்கு வேலை இல்லை, அதனால் வந்தார்.

"கெட்டும்போ எங்கள விளிக்க மாட்டிய. இடிக்கவாவது விளிக்கப்பிடாதா?" என்று போதகரிடமே கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். போதகரும் சிரித்தார்.

முகப்புச் சுவரில் அவர்தான் ஏறினார். நான் கீழே தலையில் கல் நிறைந்த சட்டியோடு நின்றேன். பிபின் அப்போது காலேஜ் முடித்த புதிது. சபை வாட்ஸப் குரூப்பில் போடுவதற்காகப் போனில் படம் எடுத்துக்கொண்டு திரிந்தான். அண்ணன் அவனுக்காகக் கம்பிப்பாரையை ஓங்கியபடி கொஞ்ச நேரம் அசையாமல் நின்றுகொடுத்தார். மதியம் மரச்சீனிக் கிழங்கு அவித்ததும் சாளை மீன் கறியும். இடிந்த சுவரின் மேலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். சுண்ணாம்புத் தூசி எல்லோர் வாயிலும் இருந்தது.

அப்புறம் அந்தக் காவி முண்டு, அதாவது வேட்டி. வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் வேலைக்கு இறங்குகிறவன் காவி முண்டுதான் உடுப்பான். அழுக்குத் தெரியாது, அவ்வளவுதான். எந்த மதக்காரனும் உடுப்பான், எந்தக் கட்சிக்காரனும் உடுப்பான். என் கணவர் உடுத்தார். போதகர் வீட்டுக் கொடியில் எப்போது பார்த்தாலும் இரண்டு காய்ந்துகொண்டிருக்கும்.

இங்கிலாந்தில் அதைப் பார்த்தால் வேறு மாதிரி நினைப்பார்கள் என்று பிபினுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

மகன் சொன்ன காரியம்

பிபின் போனது முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு. ஏஜென்ட் மூலம் போனான். போய்க் கொஞ்ச காலத்தில் அவனை எடுத்த கம்பெனியின் லைசென்ஸை அந்த அரசாங்கம் ரத்து செய்துவிட்டது. குறிப்பிட்ட காலத்துக்குள் வேறு கம்பெனி பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப வேண்டும். கிடைக்கவில்லை. கூடத் தங்கியிருந்த ஒருவன் வழி சொன்னான்: ஊரில் உயிருக்கு ஆபத்து என்று அடைக்கலம் கேள்.

கேட்டிருக்கிறான். விசாரித்த அதிகாரி நம்பவில்லை, மனுவைத் தள்ளிவிட்டார். குடியேற்ற நீதிமன்றத்தில் அப்பீல் போட்டான். இதெல்லாம் நடந்த காலம் முழுவதும் என்னிடம், "சுகமாக்கும் அம்மா, நல்ல குளிரு" என்றுதான் போனில் சொல்லிக்கொண்டிருந்தான். அப்பீலுக்கு ஊரிலிருந்து ஒரு சாட்சி வேண்டும் என்று வக்கீல் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தான்.

"அம்மா, ஒரு காரியம் பறையணும். சத்தம் போடப்பிடாது."

"சொல்லு."

"ஆலயம் இடிச்சப்ப எடுத்த படம் உண்டுல்லா, சுகுமாரன் மாமா நிக்கியது. அதக் குடுத்திருக்கேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சத்தம் போட்டேன். அவன் மனுவில் சொன்னது இதுதான்: நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்கள் ஆலயத்தை இடித்துவிட்டார்கள், இடித்தவர்களின் தலைவன் பக்கத்து வீட்டுச் சுகுமாரன்.

"எலே, அந்தப் படத்த எடுத்ததே நீயாக்கும்."

"அது அவியளுக்குத் தெரியாதுல்லா."

"ஒனக்கு வேற ஆளு கிட்டலியா?"

"முகம் தெளிவாத் தெரிஞ்சது மாமாவுக்க முகம் மட்டும்தான் அம்மா."

இதைச் சாதாரணமாகச் சொன்னான். பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கப் போனதைச் சொல்வதுபோலச் சொன்னான். அங்கிருந்து யாரும் வந்து விசாரிக்கப் போவதில்லை, மாமாவுக்கு ஒன்றும் வராது, கேட்டதற்கு நீங்கள் ஆமாம் என்று சொன்னால் போதும் என்றான். சொல்லாவிட்டால் தன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று சொல்லும்போது குரல் உடைந்தது. என் மகனின் அழுகை எனக்குத் தெரியும். அது நடிப்பு இல்லை.

பஸ்ஸில் பொய் கேட்டுக் கேட்டுப் பழகியவள் நான். அரை டிக்கெட் கேட்கும் தாய்மார் எத்தனை பேர். பிள்ளைக்கு எத்தனை வயது என்றால் நாலு என்பார்கள். மடியில் இருக்கும் பிள்ளை, "எனக்கு ஏழுல்லா அம்மா" என்னும். பஸ் முழுக்கச் சிரிக்கும். தாய் பிள்ளையின் தொடையில் கிள்ளுவாள். எனக்கு அவர்கள்மேல் கோபம் வந்ததே இல்லை. அந்தப் பொய்யால் யாருக்கும் அடி விழவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். இந்த நாட்டில் ஆலயம் உண்மையாகவே உடைபட்ட இடங்கள் உண்டு. அடிபட்டவர்கள் உண்டு. அவர்களிடம் இவ்வளவு நல்ல படம் இருக்காது. உயிருக்கு ஓடுகிறவன் நின்று போட்டோ எடுக்க மாட்டான். அவர்கள் பட்ட பாட்டை என் மகன் எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டான், அந்த இரவல் கோட்டைப் போல.

அந்தச் சொல்

அடைக்கலம் கேட்டு ஜெயித்தால் அவனை அகதி என்று ஏற்றுக்கொள்வார்கள் என்றான்.

களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், இலங்கையிலிருந்து வந்தவர்களின் முகாம் ஒன்று உண்டு. அங்கிருந்து பெயின்டர்கள் கேரளத்துக்கு வேலைக்கு வருவார்கள். காலையில் என் பஸ்ஸில் ஏறுவார்கள். ஒருவர் பெயின்ட் வாளியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு எப்போதும் கடைசி சீட்டில் உட்காருவார். சாயந்திரம் திரும்பும் பஸ் எப்போது என்று என்னிடம் இரண்டு தரம் கேட்பார். முகாமில் தலை எண்ணும் நாளில் ஆள் அங்கே இருக்க வேண்டுமாம். உள்ளே தள்ளி, பெருங்கடவிளைப் பக்கம் வேலை என்றால் அவருக்குப் பதற்றமாகவே இருக்கும்.

பஸ் பிரேக்டவுன் ஆன ஒரு நாள் அவர் ரோட்டோரம் நின்று அழுதார். ஐம்பதைத் தாண்டிய ஆண். ஒரு பஸ் தாமதமானதற்கு அழுதார். வண்டியில் இருந்த ஒருவன், "அகதிக்கு எதுக்குலே இவ்வளவு அவசரம்?" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். அவனை இறக்கிவிடப் பார்த்தேன், டிரைவர் தடுத்துவிட்டார்.

எங்கள் ஊரில் அந்தச் சொல்லை வசவாகத்தான் சொல்வோம். அந்தப் பெயரைக் கேட்டுத்தான் என் மகன் கோர்ட்டில் நின்றான்.

தாக்கோல்

சுகுமாரன் அண்ணனிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சில நாள் அவர் வீட்டு வாசலைத் தலைகுனிந்து கடந்து பார்த்தேன். பிறகு போய்விட்டேன்.

அவர் கிணற்றடியில் காலில் ஒட்டிய சிமென்ட்டைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் மனைவி சாந்தா அக்கா கையில் எண்ணெய் தேய்த்துப் பலாச்சக்கைச் சுளை பிரித்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

அண்ணன் காலைக் கழுவுவதை நிறுத்தவில்லை. குனிந்தபடியே, "படத்துல வயிறு தெரியுதா?" என்று கேட்டார்.

"தெரியுது."

"அப்ப நம்ப மாட்டான். இடிக்கப் போற ரவுடிக்கு இவ்வளவு வயிறு இருக்காது."

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பய அங்க நிக்கணுமெங்கி நீ சொல்லிக்கோ லில்லி. நான் இடிச்சது உள்ளதுதானே. நான் ஒண்ணும் லண்டனுக்குப் போகப் போறதில்ல."

அவர் திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். எனக்கு அது தெரியும், அது வரும். இதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சாந்தா அக்கா எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் என் வீட்டுத் தாக்கோல் இருந்தது. எங்கள் பக்கத்தில் சாவியைத் தாக்கோல் என்போம். நான் டியூட்டிக்குப் போன காலம் முழுவதும் அது அந்த வீட்டு ஆணியில்தான் தொங்கியது. பிபின் பள்ளிக்கூடம் விட்டு வந்து அங்கேதான் வாங்குவான். பாதி நாள் அங்கேயே சாப்பிட்டுவிடுவான். ரிட்டயர் ஆன பிறகும் நான் அதைத் திருப்பி வாங்கவில்லை. வாங்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

"இந்தா ஒனக்க தாக்கோலு," என்றார். "நாளைக்கு அங்க ஒண்ணு காணாமப் போச்செங்கி அதுக்கும் கேஸு வரும்."

"சாந்தா, சும்மா கெட," என்றார் அண்ணன்.

"நான் சும்மாத்தான் கெடந்தேன். அவன் கேட்டப்பல்லாம் சோறு போட்டுட்டு சும்மாத்தான் கெடந்தேன்."

தாக்கோலில் சக்கைப் பிசின் ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். விரலில் ஒட்டியது போக நேரமாயிற்று.

வெட்டுக்கத்தி

எங்கள் வக்கீல் ஒரு வாக்குமூலம் அனுப்பினார். எங்கள் ஆலயம் இடிக்கப்பட்டது. படத்தில் இருப்பவர் எங்கள் அயல்வாசி. என் மகன் திரும்பி வரப் பயப்படுகிறான். எல்லாம் உண்மை. ஒரு வரியிலும் பொய் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது என்று முடிவு செய்துகொண்டு நெய்யாற்றின்கரைக்கு பஸ் ஏறினேன். இடித்தாரா என்று கேட்டால், இடித்தார். அவ்வளவுதான். அவரே சொல்லிக்கோ என்றாரே.

மலையாளமா தமிழா என்று முன்னமே கேட்டிருந்தார்கள். இரண்டும் வரும், பள்ளிக்கூடத்தில் படித்தது தமிழ், அதனால் தமிழ் என்றேன். மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறந்ததும் எனக்குப் பகீர் என்றது. அது இலங்கைத் தமிழ். என் வயது இருக்கும் அந்த அம்மாவுக்கு. முடி நரைத்திருந்தது. நான் சொல்லப்போகும் ஒவ்வொரு வார்த்தையும் அந்த அம்மாவின் வாய் வழியாகத்தான் போக வேண்டும் என்று நான் யோசித்திருக்கவில்லை. அவர் எப்படி அந்த நாட்டுக்குப் போனார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் முடியாது. ஆனால் முகத்தை நேராகப் பார்க்க எனக்கு வரவில்லை.

படத்தில் இருப்பவர் சுகுமாரன் என்று சொன்னேன். ஆலயத்தை இடிப்பது அவர்தானா என்று கேட்டார்கள். அவர்தான் என்றேன். பிபின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

அடுத்த கேள்வியை அரசு வக்கீல் காகிதத்தைப் பார்த்துக் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் நிதானமாகத் தமிழில் சொன்னார். "உங்கட கணவர் இறந்த நேரம், இந்த மனிதர் வெட்டுக்கத்தியோட உங்கட வீட்டு வாசலுக்கு வந்து, ஊரை விட்டுப் போகாட்டி வெட்டுவன் எண்டு சொன்னதாக உங்கட மகன் சொல்லுறார். அப்ப நீங்கள் வீட்டில இருந்தனீங்களோ?"

இதைப் பிபின் என்னிடம் சொல்லியிருக்கவில்லை.

அவனைப் பார்த்தேன். அவன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் மகன் இல்லாததை எதையும் சொல்லவில்லை. நடந்ததை எடுத்துத்தான் திருப்பிப் போட்டிருக்கிறான். அன்றைக்கு அவர் வெட்டுக்கத்தியோடு வாசலில் வந்து நின்றது உண்மை.

"இருந்தேன்," என்றேன். "வெட்டுக்கத்தியோட வந்தது உள்ளதாக்கும். சாவுக்குப் பந்தல் போடணும்லா. பந்தலுக்குக் கமுகு வெட்ட வந்தாரு. அவருக்க விளையில நின்ன கமுக வெட்டி எங்க வாசல்ல பந்தல் போட்டாரு. மறுநாள் பெட்டிக்குத் தோள் குடுத்தாரு."

"பெட்டி எண்டுறது சவப்பெட்டியோ அம்மா?"

"ஆமா. எனக்க மாப்பிளைக்க சவப்பெட்டி."

அந்த அம்மா இங்கிலீஷில் சொன்னார். எங்கள் வக்கீல் பேனாவை மூடி வைத்தார்.

அப்படியானால் ஆலயத்தை ஏன் இடித்தார் என்று அரசு வக்கீல் கேட்டார். இனி நிறுத்த முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பிரேக் போன வண்டி. நாங்களே இடித்தோம், புதிது கட்டுவதற்காக இடித்தோம், அந்தப் படத்தின் இடது பக்கத்தை வெட்டியிருக்கிறார்கள், அங்கே தலையில் கல்லோடு நிற்பது நான்தான் என்றேன். படம் எடுத்தது யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன்.

பிபின் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

கடைசியில் நீதிபதியே ஒரு கேள்வி கேட்டார். வயதானவர், சத்தமில்லாமல் பேசினார். உங்கள் மகன் ஊருக்குத் திரும்பப் பயப்படுவதாகச் சொல்கிறார், அதுவும் பொய்தானா என்று கேட்டார்.

யோசித்தேன். வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது.

"அது பொய் இல்ல. பயம் உள்ளதுதான்."

"யாருக்குப் பயப்படுகிறார்?"

"எங்களைப் பாத்தாக்கும். வெளிநாட்டுக்குப் போனவன் வந்து நின்னா, சாப்பிட்டியான்னு கேக்கதுக்கு முன்னால, எப்ப திரும்பிப் போறேன்னு கேப்போம். ரண்டு மாசம் கழிஞ்சும் போகல்லெங்கி, என்ன செய்துட்டு வந்தானோன்னு பேசுவோம். நானும் எத்தனையோ பேரப் பேசியிருக்கேன். அதுக்கு ஒங்க சட்டத்துல பாதுகாப்பு உண்டா?"

மொழிபெயர்ப்பாளர் அதை முழுவதும் சொன்னார். ஒன்றையும் விடவில்லை என்று அவர் எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்துத் தெரிந்தது. நீதிபதி ஏதோ எழுதினார். நன்றி என்றார். திரை அணைந்தது.

கீழே இறங்கி ஜூஸ் கடையில் எலுமிச்சை பிழிந்த நாரங்காத் தண்ணீர் குடித்தேன். பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

ஆமென்

அப்பீல் தள்ளுபடி ஆயிற்று. தாயார் சொன்னது நம்பத்தக்கது என்று தீர்ப்பில் எழுதியிருக்கிறதாம். பிபின்தான் போனில் வாசித்துக் காட்டினான். வாசித்துவிட்டு வைத்துவிட்டான். அதற்கப்புறம் வெகுகாலம் கூப்பிடவில்லை.

இப்போது அவன் இந்தியாவில்தான் இருக்கிறான். பெங்களூரில், ஒரு குடோனில் வேலை. ஊருக்கு வரவில்லை. ஒரு தரம் நான் ரயில் ஏறிப் போய்ப் பார்த்தேன். ஸ்டேஷனிலேயே இட்லி வாங்கித் தந்து, ஸ்டேஷனிலிருந்தே அனுப்பிவைத்தான். வீட்டுக்கு வா மக்கா என்றேன். "வாறேன் அம்மா, கொஞ்சம் கழியட்டு" என்றான்.

ஊரைப் பொறுத்தவரை அவன் இன்னும் லண்டனில்தான் இருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எங்கள் போதகர் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காக ஜெபிப்பார். துபாய், கனடா, குவைத் என்று ஒவ்வொருவர் பேராகச் சொல்லிவருவார். இங்கிலாந்தில் வேலை செய்யும் தம்பி பிபின் என்பார். சபையார் ஆமென் என்பார்கள். நானும் சொல்வேன். முன்பின் தெரியாத நீதிபதி முன்னால் நிஜத்தைச் சொன்ன வாய், என் சொந்த ஆலயத்தில் வாரம் தவறாமல் ஆமென் சொல்கிறது.

ஆலயத்து ஸ்பீக்கர் சுகுமாரன் அண்ணன் வீட்டைப் பார்த்துத்தான் கட்டியிருக்கிறது. பிபின் பெங்களூரில் இருப்பது ஊரில் அவருக்கு மட்டும் தெரியும், நான்தான் சொன்னேன். வாரா வாரம் அவர் அந்த ஜெபத்தைக் கேட்கிறார். திங்கட்கிழமை வழியில் பார்த்தால், மழை வருமா லில்லி என்றுதான் கேட்கிறார். சாந்தா அக்கா இன்றுவரை என்னிடம் பேசவில்லை. பேசாததில் தப்பு ஒன்றும் இல்லை.

போன ஞாயிறு என்னால் ஆமென் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். எழுதுவதற்கு முன்னால் சுகுமாரன் அண்ணனிடம் போய், அவர் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். "இங்கிலாந்து வரைக்கும் போன பேரு. பத்திரிகையில வந்தா என்ன?" என்றார்.

பிறகு பிபினைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் எழுதப்போகிறேன், இந்தப் பத்திரிகை பாறசாலையில் எல்லாக் கடையிலும் தொங்கும், போதகர் முதல் எல்லோரும் வாசிப்பார்கள் என்று சொன்னேன். அவன் தடுக்கவில்லை.

"பேர மட்டும் மாத்திப் போடுங்கம்மா," என்றான்.

"அங்க எழுதிக் குடுத்தப்ப சுகுமாரன் மாமாவுக்க பேர நீ மாத்தினியாலே?"

குடோனில் லாரி பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டது. யாரோ கன்னடத்தில் கத்தினார்கள். அவன் வைத்துவிட்டான் என்றே நினைத்தேன்.

"இல்ல," என்றான். "அப்ப எனக்க பேரயே போடுங்க."

போட்டிருக்கிறேன்.